எட்டு எழுத்தும் எண்ணூறு மரமும்

அன்புள்ள ஐயா,

அலுவலக வேலையாகச் சென்ற மாதம் ஷென்ஜென் போயிருந்தேன். நாங்கள் சந்தித்த முதலாளியின் நாற்காலிக்குப் பின்னால் எட்டுச் சீன எழுத்துகள் எழுதிய சுருள் ஒன்று தொங்கியது. 'எளிமை இருந்தால் நோக்கம் தெளியும், மனம் அடங்கினால் தொலைவு போகலாம்' என்று பொருள் சொன்னார்கள். கீழே வந்து அவருடைய காரைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் ஊர் திரும்பிய பிறகும் அந்த வரி என்னை விடவில்லை. உயர்ந்த இலட்சியமும் எளிய வாழ்க்கையும் ஒருவரிடம் ஒன்றாக இருக்க முடியுமா? ஒன்று மற்றதைத் தின்றுவிடாதா?

க.

அன்புள்ள க.,

அதை எழுதியவர் யார் என்று கேட்டிருந்தால் இன்னும் குழம்பியிருப்பீர்கள். குகைத் துறவி எவரும் இல்லை. கி.பி. 3ஆம் நூற்றாண்டில் சீனாவில் இருந்த ஷூ அரசின் தலைமை அமைச்சரும் படைகளை நடத்தியவருமான ஜுகே லியாங் மகனுக்கு எழுதிய கடிதத்தில் வரும் வரி. நூறு எழுத்துகள்கூட இல்லாத கடிதம்.

வரி அவருடைய சொந்தச் சரக்கும் அல்ல. கி.மு. 2ஆம் நூற்றாண்டின் ஹுவாய்நான்சி என்ற சீனத் தத்துவ நூலில் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. ஆனால் அங்கே, எளிமை இல்லாமல் 'அறம்' விளங்காது என்று ஆள்பவனுக்குச் சொல்லப்படுகிறது. கடிதத்தில் அறத்தின் இடத்தில் 'ஜி' வந்து உட்கார்ந்துவிட்டது. ஜி என்றால் மனம் பற்றிக்கொண்ட நோக்கம். இந்த ஓர் எழுத்து மாறியதில், நற்குணமாக இருந்த எளிமை பெரிய வேலை செய்யப் போகிறவனின் கருவியாகிவிட்டது.

நாம் எளிமை என்று பெயர்க்கும் சொல்லின் முதல் எழுத்தான 'டான்', உப்பு மட்டான சூப்புக்கும் நீர்த்த தேநீருக்கும் வழங்குவது. நாக்கு காரத்தில் எரியும்போது எதன் சுவையும் தெரியாதல்லவா? அப்படித்தான் அதை வாசிக்கிறேன். பதவியும் அடுத்தவன் வீடும் உறைத்துக்கொண்டிருக்கையில் தனக்கு என்ன வேண்டும் என்பது தட்டுப்படாது. நீங்கள் தராசில் வைக்கும் இரண்டையும் அவர் தராசில் வைக்கவே இல்லை.

கடிதத்தின் முடிவை யாரும் சுருளில் எழுதி மாட்டுவதில்லை. காலம் ஓடிவிடும், உலகுக்குப் பயனின்றி உதிர்ந்துபோவாய், ஏழைக் குடிசையைக் காத்துக்கொண்டு துக்கத்தோடு உட்கார்ந்திருப்பாய், அப்போது என்ன செய்ய முடியும் என்று மகனைக் கேட்கிறார். எளிமையைப் போற்றும் கடிதத்தில் குடிசை அஞ்ச வேண்டிய இடம்!

அவரும் குடிசையில் வாழவில்லை. பேரரசர் லியூ ஷானுக்குக் கொடுத்த சொத்துக்கணக்கு இது: செங்டுவில் 800 மல்பெரி மரங்கள், 15 சிங் வளம் குறைந்த நிலம். பிள்ளைகளின் சோற்றுக்கும் துணிக்கும் அது தாராளம். சாகும்போது வீட்டில் உபரிப் பட்டோ வெளியே உபரிச் செல்வமோ இருக்காது என்றார். 15 சிங் என்பது நம் கணக்கில் 150 ஏக்கரைத் தாண்டும். (இதை எளிமை என்று சொன்னால் என் பக்கத்து வீட்டுக்காரர் அடிக்க வருவார்.) ஆனால் நாட்டின் கருவூலமே கையில் இருந்தவரின் கணக்கு அது. கி.பி. 234இல், வடக்கே இருந்த எதிரி நாடான வெய் மீதான படையெடுப்பின் நடுவே பாசறையில் இறந்தபோது சொன்னபடியே இருந்தது என்று வரலாற்று நூல் பதிகிறது. எனக்குப் பிடித்தது, 'போதும்' என்பதற்கு அவரிடம் ஓர் எண் இருந்ததும், அதை முன்கூட்டியே எழுதிக் கொடுத்ததும்தான். உங்கள் கடிதத்தில் அந்த எண் இல்லை.

வடக்கை அவர் கடைசிவரை வெல்லவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தந்தை இறந்த ஆண்டில் மகன் ஜுகே ஜானுக்குச் சீனக் கணக்கில் 8 வயது. புத்திசாலிதான், பிஞ்சிலே பழுத்துவிட்டானோ என்று கவலையாக இருக்கிறது என்று அண்ணன் ஜுகே ஜின்னுக்கு எழுதியிருக்கிறார் தந்தை. 263இல் வெய் படை உள்ளே புகுந்தபோது, அதன் தளபதி டெங் ஐ, பணிந்தால் லாங்யா மன்னர் பட்டம் வாங்கித் தருவதாக ஜானுக்கு ஓலை அனுப்பினார். ஜான் தூதனை வெட்டிவிட்டு மியான்ஜுவில் போரிட்டு மடிந்தார். உடன் மகனும் மடிந்தான். நாடும் அந்த ஆண்டே போயிற்று. தந்தையின் கடிதம் பலித்ததா இல்லையா என்று இந்த இடத்தில் வந்து நின்றுவிடுகிறேன், ஒவ்வொரு முறையும்.