மழையில் அழுகும் அகேவ் செடி: காப்பாற்றுவது எப்படி?

வேளச்சேரியில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய மொட்டைமாடியில், சிமென்ட் தொட்டியில், இரண்டு ஆண்டுகளாக ஒரு கற்றாழை வளர்கிறது. ஒன்றரை அடி நீள இலைகள். குறுகலானவை, விறைப்பானவை, சாம்பல் பூத்த பச்சையில் வெண்மையான கரை கொண்டவை. ஓரமெங்கும் சிறு பழுப்பு முட்கள், நுனியில் கறுத்த முள் ஒன்று. ‘கலர் கற்றாழை’ என்று சொல்லி விற்றார்களாம். இதன் சாற்றைத் தலைக்குத் தேய்க்கலாம் என்று மாமியார் சொல்கிறார். ஆனால் நவம்பர் மழைக்குப் பிறகு அடியிலைகள் மஞ்சளாகித் தொளதொளத்துவிட்டன. இது சோற்றுக்கற்றாழைதானா, செடி பிழைக்குமா, சுற்றிலும் முளைத்திருக்கும் கன்றுகளை எப்போது பிரித்து நடலாம் என்பவை அவருடைய கேள்விகள்.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். இது சோற்றுக்கற்றாழை அன்று. அகேவ் இனத்தைச் சேர்ந்த செடி. இதன் சாற்றைத் தலையிலோ முகத்திலோ தேய்க்கக் கூடாது, மோரில் கலந்து குடிக்கவும் கூடாது. அகேவ் இலைச் சாற்றில் கால்சியம் ஆக்ஸலேட் நுண்ணிய ஊசி வடிவப் படிகங்களாக இருக்கிறது. அது தோலில் தைத்து, கடும் அரிப்பையும் சிவந்த தடிப்புகளையும், சிலருக்குக் கொப்புளங்களையும் உண்டாக்கும். பட்டுவிட்டால் நிறைய நீர்விட்டுக் கழுவுங்கள். கண்ணில் தெறித்தால் கழுவியதோடு நில்லாமல் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டுப் பெரியவர்களுக்கு இதை எடுத்துச் சொல்வதில் தயக்கம் வேண்டாம், ஏனெனில் ஒரே தொட்டி வரிசையில் இரண்டு செடிகளும் இருக்கும் வீடுகளில் மாற்றிப் பறித்துவிடுவது மிக எளிது.

வேறுபாடு அறிய இலையை ஒடித்துப் பாருங்கள், கையுறை அணிந்துகொண்டு. சோற்றுக்கற்றாழை மடல் சட்டென முறியும். மஞ்சள் நிறக் கசப்புப்பால் கசியும், உள்ளே கண்ணாடிபோன்ற சோறு தெரியும். அகேவ் இலை முறியாது. வளைத்தால் மடங்கும், இழுத்தால் வலுவான நார் வரும். கயிறு திரிக்கும் சிசல் நார் அகேவ் இனம் ஒன்றிலிருந்துதான் கிடைக்கிறது. ஒடிக்க மனமில்லையென்றால், இலையின் முதுகை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். நடுக்குருத்தில் இலைகள் ஒன்றையொன்று இறுக்கிச் சுருண்டிருக்கும்போது பக்கத்து இலையின் முள் வரிசை இதன்மேல் அழுந்தி, பிரிந்த பின்னும் அந்த அச்சு பல்வரிசையாகப் பதிந்து நிற்கும். இந்தத் தடம் பல அகேவ் வகைகளில் தெளிவாகத் தெரியும், சோற்றுக்கற்றாழையில் இராது.

சென்னை நர்சரிகளில் ஃபர்க்ரேயா என்ற உறவுச் செடியும் ‘கலர் கற்றாழை’ என்ற பெயரிலேயே விற்கப்படுகிறது. அதன் இலை சற்றே நெகிழ்வானது, நுனியில் உறுதியான முள் இராது. வரிகளும் பெரும்பாலும் இலையின் நடுவில் ஓடும். வாசகியின் செடிக்கு நுனிமுள் இருப்பதால் அந்த ஐயம் தேவையில்லை. அகேவிலேயே, ரயில் பாதையோரங்களில் பழைய வேலியாக நிற்கும் ஆனைக்கற்றாழைக்கு இலை அகலமாக இருக்கும், முதிர்ந்ததும் பாதியில் மடிந்து தொங்கும், வளர்ந்தால் ஆள் உயரம் தாண்டும். இவர் விவரிக்கும் குறுகிய, நேரான, வெண்கரை இலைகளை வைத்துப் பார்த்தால், சாலை நடுத்திட்டுகளில் நாம் நாள்தோறும் பார்க்கும் அகேவ் அங்குஸ்டிஃபோலியாவின் வரியுள்ள வகையாகவே இது இருக்க வேண்டும். மொட்டைமாடிக்கு ஏற்ற அளவுதான்.

இனி, அழுகலுக்கு வருவோம். சென்னையின் மே மாத வெயில் அகேவைக் கொல்வதில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான ஈரம்தான் கொல்கிறது. மெக்சிகோவையும் அதை ஒட்டிய வறண்ட நிலங்களையும் தாயகமாகக் கொண்ட இந்தச் செடி, பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில் திறந்து கரியமிலவாயுவைச் சேமித்துக்கொள்ளும் அமைப்புடையது. அதனால் நீரை மிகக் குறைவாகவே இழக்கிறது. ஆழமில்லாமல் பக்கவாட்டில் பரவும் அதன் வேர்களுக்கு நீரைவிடக் காற்றே முக்கியம். நமக்கோ ஆண்டு மழையான சுமார் 1,400 மில்லிமீட்டரில் பாதிக்கும் மேல் வடகிழக்குப் பருவமழையின் சில வாரங்களில் கொட்டிவிடுகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் பெய்ததுபோல நாள் முழுதும் விடாது பெய்யும்போது, நன்றாக வடியும் தொட்டிகூட நனைந்தபடியே இருக்கும். களிமண் நிறைந்த தொட்டியில் வேர்கள் மூச்சுத் திணறி, பூஞ்சைகளுக்கு இடம் கொடுத்துவிடும்.

அடியிலை ஒன்றிரண்டு நுனியிலிருந்து காய்ந்து காகிதமாவது மூப்பு. அதற்கு எதுவும் செய்ய வேண்டாம். இலை அடிப்பகுதியிலிருந்து மஞ்சளாகி, கண்ணாடிபோல் தெளிந்து, அழுத்தினால் நீர் கசிந்து நாற்றமடித்தால் அது அழுகல். நடுக்குருத்தை மெதுவாக இழுத்துப் பாருங்கள். உறுதியாக நின்றால் செடி பிழைக்கும். கையோடு வந்துவிட்டால் தாய்ச்செடியை விட்டுவிட்டுக் கன்றுகளைக் கவனியுங்கள்.

பிழைக்கும் நிலையில் இருந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். கனத்த கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் அணிந்து, செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து, மண்ணை முழுவதும் உதிர்த்துவிடுங்கள். தொளதொளத்த இலைகளை அடியோடு அகற்றி, பழுப்பேறிய வேர்களை வெட்டிவிட வேண்டும். தண்டின் அடியில் நிறம் மாறியிருந்தால், வெட்டுமுகம் முழுவதும் வெண்மையாகவும் கெட்டியாகவும் தெரியும்வரை சீவிக்கொண்டே போங்கள். ஒவ்வொரு சீவலுக்கும் கத்தியை ஸ்பிரிட்டால் துடைப்பது அவசியம், இல்லாவிட்டால் நோயை நாமே நல்ல சதைக்குள் கொண்டுசெல்வோம். வெட்டுமுகத்தில் கந்தகத் தூளைத் தூவலாம், அல்லது காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியை லிட்டருக்கு 3 கிராம் கரைத்துப் பூசலாம். பிறகு மழை படாத, காற்றோட்டமுள்ள நிழலில் ஏழு முதல் பத்து நாள் செடியை அப்படியே கிடத்திவிடுங்கள். வேரில்லாமல் கிடப்பதைப் பார்க்க மனம் கேட்காது. ஆனால் இலைகளில் இருக்கும் நீரே அதற்கு வாரக்கணக்கில் போதும். டிசம்பர் ஈரக்காற்றில் காயம் ஆற நேரமெடுக்கும் என்பதால், வெட்டுமுகம் விரலுக்கு உலர்ந்து தோல் கட்டியதாகப் பட்ட பிறகே நடுங்கள்.

மண்கலவையில்தான் பலர் தவறுகிறார்கள். நர்சரியில் கிடைக்கும் தென்னை நார்க்கழிவுக் கலவை ஈரத்தைப் பிடித்துவைப்பதற்காகவே ஆனது. அகேவுக்கு அது ஆகாது. ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு கழுவிய பெருமணல், ஒரு பங்கு பட்டாணி அளவில் உடைத்த செங்கல் துண்டுகள், ஒரு கை மக்கிய தொழு உரம் என்று கலந்தால் போதுமானது. கடற்கரை மணலை எடுக்க வேண்டாம்; அதிலுள்ள உப்பு வேரைக் கருக்கும். தொட்டியின் அடித்துளை விரல் நுழையும் அளவாவது இருக்கட்டும். தொட்டியின்கீழ் தட்டு வைக்காதீர்கள். தேங்கும் நீர் செடிக்கும் கெடுதல், டெங்குக் கொசுவுக்கும் வசதி. இரண்டு செங்கல்லின்மேல் தூக்கிவைப்பது நல்லது. நடும்போது இலைகள் தொடங்கும் கழுத்துப் பகுதி மண்மட்டத்துக்கு ஓர் அங்குலம் மேலே நிற்க வேண்டும்.

ஏப்ரல் முதல் ஜூன் வரை வாரம் ஒருமுறை துளை வழியாக வழியும்வரை நீர்விட்டு, அடுத்த முறைக்குள் முழுக்கக் காயவிடுங்கள். மாலை மழை தலைகாட்டும் ஜூலை முதல் செப்டம்பர் வரை வானத்தைப் பார்த்துக் குறைத்துக்கொள்ளலாம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை நீரே வேண்டாம். தொட்டியை ஷேடுக்கு அடியிலோ மழைநீர் படாத பால்கனிக்கோ நகர்த்துங்கள். நகர்த்த முடியாத கனமென்றால் பாலிகார்பனேட் தகடு ஒன்றைச் சாய்வாகக் கட்டி, பக்கங்களைத் திறந்துவிடுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை இரு வாரத்துக்கு ஒருமுறை போதும். ஆர்.ஓ. கருவியின் கழிவுநீரைச் செடிகளுக்கு ஊற்றும் வழக்கம் நம் வீடுகளில் பரவியிருக்கிறது; சிக்கனம் என்ற வகையில் நல்ல எண்ணம்தான், ஆனால் அதில் உப்பு செறிந்திருப்பதால் தொட்டிச்செடிக்கு வேண்டாம். வெயில் தினமும் ஆறு மணி நேரமாவது நேரடியாகப் படட்டும். நிழலில் வைத்திருந்த செடியை மட்டும் இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாகப் பழக்க வேண்டும், திடீர் வெயிலில் வெளுக்கும் இடம் மீண்டும் பச்சையாகாது.

இலை இடுக்கில் மாவுப்பூச்சி தென்பட்டால் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தெடுங்கள். குழந்தைகள் ஓடியாடும் மாடியென்றால் நுனிமுள்ளை நகவெட்டியால் மூன்று மில்லிமீட்டர் மழுக்கிவிடுங்கள். மூட்டருகே முள் குத்தி வீங்கினால் மருத்துவரிடம் போங்கள், முனை உள்ளேயே ஒடிந்திருக்கலாம்.

கன்றுகளைப் பொறுத்தவரை, தாய்ச்செடி நலமாக இருந்தால் மழை முழுதும் ஓய்ந்த ஜனவரிக் கடைசியே பிரிப்பதற்கு நல்ல காலம். தாய் அழுகிக்கொண்டிருந்தால் இப்போதே பிரித்துவிடுங்கள், ஒட்டியிருக்கும் வேர்வழியாக அழுகல் கன்றுக்கும் போகும். உள்ளங்கை அளவுள்ள கன்றாகப் பார்த்து, தாயோடு இணைக்கும் வெளுத்த நிலத்தடித் தண்டைக் கத்தியால் அறுத்து, ஐந்தாறு நாள் நிழலில் காயவைத்து, உலர்ந்த கலவையில் நட்டு, ஒரு வாரம் கழித்தே முதல் நீரை விடுங்கள். இந்தச் செடி வாழ்நாளில் ஒருமுறைதான் பூக்கும், பூத்ததும் தாய் காய்ந்துவிடும். பூந்தண்டை வெட்டினாலும் அதைத் தடுக்க முடியாது. அந்தத் தண்டிலேயே குறுஞ்செடிகள் ஏராளமாக முளைத்து உதிரும். விரல் நீளம் வளர்ந்த குறுஞ்செடியைக் கிள்ளி மணற்பாங்கான மண்ணில் வைத்தால் சில வாரங்களில் வேர் பிடித்துவிடும்.