அடிப்பவரும் அடிவாங்குபவரும்

கேள்வி: 1930-களிலேயே நாடியா என்ற வெள்ளைக்காரப் பெண் இந்திப் படங்களில் சண்டையிட்டார். பிற்காலத்தில் சிக்கிமைச் சேர்ந்த டேனி, ஆஸ்திரேலியரான பாப் கிறிஸ்டோ போன்றோரும் வந்தார்கள். அப்படியானால், நம் பழைய சண்டைப் படங்கள் எல்லாத் தரப்பினருக்கும் இடமளித்தன என்று சொல்லலாமா? (வாசகி, மதுரை)

பதில்: திரையில் இடமளித்தன, கதைக்குள் எல்லோரையும் ஒரே விதமாக நடத்தவில்லை. நம் சண்டைப் படங்களின் நாயகனுக்கு ஒரு தாய், ஓர் ஊர், ஓர் இழப்பு என எல்லாம் இருக்கும். அவன் கை ஓங்குவதற்கு முன்பே அந்தக் கோபம் நியாயமானது என்று நம்மை ஏற்கவைத்துவிடுவார்கள். ஆகவே, எத்தனை விதமான முகங்கள் வந்தன என்பதைவிட, யாருடைய கோபத்துக்குக் கதை ஒரு காரணம் கொடுத்தது என்பதையே நான் முதலில் பார்ப்பேன்.

அந்த வகையில் நாடியா பெரும்பேறு பெற்றவர். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மேரி ஆன் இவான்ஸ் என்ற பெயரில் பிறந்த அவரை, பம்பாயின் பார்சி சகோதரர்களான ஜே.பி.எச். வாடியாவும் ஹோமி வாடியாவும் 1935-இல் ‘ஹண்டர்வாலி’யில் சாட்டை ஏந்தும் நாயகியாக்கினார்கள். பொன்னிறக் கூந்தலோடும் அயல்வாடை வீசும் இந்தியோடும் வந்த ஒருவரை, அநீதியைத் தட்டிக்கேட்கும் பெண்ணாக மக்கள் மனமார ஏற்றுக்கொண்டார்கள். 1940-இல் வந்த ‘டயமண்ட் குயின்’ படத்தில் பெண் விடுதலையையும் அவர் பேசினார். அயல்நாட்டவர் என்பதால்தான் அந்தத் துணிச்சல் அவருக்கு அனுமதிக்கப்பட்டது என்பாரும் உண்டு. ஆனால் 1937-இலேயே தமிழில் ‘மின்னல் கொடி’யில் கே.டி. ருக்மிணி சாகச நாயகியாக நடித்திருப்பதால், அதை மட்டுமே முழுக் காரணமாக என்னால் ஏற்க முடியவில்லை.

டேனி டென்சோங்பாவின் நிலை வேறு. அவரைப் போன்ற தேர்ந்த நடிகருக்குப் பெரும்பாலும் வில்லன் வேடங்களே வாய்த்தன. 1990-இல் வந்த ‘அக்னிபத்’தில் அவருடைய பாத்திரத்தின் பெயர் காஞ்சா சீனா. இன்று இந்த நாட்டின் ஒரு மாநிலமாக இருக்கும் சிக்கிமில் பிறந்தவரைத் தூரதேசத்து ஆளைப்போலக் காட்டிய அந்தப் பழக்கம் எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது. பாப் கிறிஸ்டோவோ பெரும்பாலும் நாயகனிடம் அடிவாங்குவதற்கென்றே நிறுத்தப்பட்ட அயல்நாட்டு அடியாள்.

கேள்வி: பழைய படங்களின் நாயகிகள் சண்டைக் காட்சிகளில் உண்மையிலேயே நடித்தார்களா? (வாசகர், சேலம்)

பதில்: நாடியா பல சாகசங்களைத் தாமே செய்தவர், 1936-இல் வெளிவந்த ‘மிஸ் ஃப்ரண்டியர் மெயில்’ படத்தில் அவர் ரயிலின் கூரைமீது சண்டையிடும் காட்சி புகழ்பெற்றது. பின்னாளில், ஆபத்தான காட்சிகளை டூப் கலைஞர்கள் ஏற்பது வழக்கமானது. நாயகிக்காக ஓர் ஆணே பெண் வேடமிட்டு டூப் போடுவதும் சாதாரணமாக இருந்த துறையில், தாமே முன்வந்து அந்த வேலையைச் செய்த பெண்களை நாம் தனியே மதிக்க வேண்டும். 1975-இல் வந்த ‘ஷோலே’யில் ஹேமமாலினியின் குதிரைவண்டித் துரத்தல் காட்சியில் அவருக்காக உயிரைப் பணயம் வைத்தவர் ரேஷ்மா பதான். அந்தக் காட்சியைக் கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். அவருடைய வாழ்க்கையைச் சொல்லும் படமோ 2019-இல்தான் வந்தது.