டி-சேர்ட் சரி, கொடுப்பனவு எங்கே?

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் நாற்பது பேர் வேலை செய்கிறார்கள். ஒற்றுமையை வளர்க்க வருடம் தவறாமல் பெந்தோட்டைக்கு அழைத்துப் போகிறோம். விளையாட்டு, பரிசு, எல்லாருக்கும் ஒரே நிற டி-சேர்ட். திங்கட்கிழமை வந்தால் பழையபடி ஆளுக்கொரு பக்கம். ஒருவருடைய ஃபைலை மற்றவர் தொடுவதில்லை. 2022இல் போக்குவரத்துக் கொடுப்பனவை நிறுத்தியபோதுகூட காரணத்தைச் சொல்லித்தான் நிறுத்தினோம். இவர்களுக்கு நிறுவனத்தின் மேல் எப்படி நம்பிக்கை வரவைப்பது?
– முகாமையாளர் ஒருவர், கொழும்பு 6

பதில்: டி-சேர்ட் வரை எழுதிய நீங்கள், அந்தக் கொடுப்பனவைத் திருப்பிக் கொடுத்தீர்களா என்று எழுதவில்லை. கொடுக்கவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

2022இல் நாட்டில் பெற்றோலும் இல்லை, டொலரும் இல்லை. அந்த நேரம் நிறுத்தியதை யாரும் பெரிய குறையாக எடுத்திருக்க மாட்டார்கள். பிறகு வியாபாரம் எழும்பியதும் அவர்களுக்குத் தெரியும். பில் போடுவதே அவர்கள்தானே. ஏசி பஸ்ஸுக்கு என்ன வாடகை, ஹோட்டலில் தலைக்கு எவ்வளவு என்று பாணந்துறை தாண்டுவதற்குள் கணக்குப் பார்த்து முடித்திருப்பார்கள்.

நாளைக்கு நிறுவனம் தன்னை எப்படி நடத்தும் என்று சந்தேகப்படுகிறவர், தனக்குத் தெரிந்ததைத் தன் கைக்குள்ளேயே வைத்துக்கொள்வார். துறைமுகத்திலிருந்து சாமானை எடுத்துத் தரும் கிளியரிங் ஏஜென்டின் நம்பர் அவருடைய சொந்தப் போனில்தான் இருக்கும். எக்செல் கோப்புக்குப் பாஸ்வேர்ட் போட்டிருப்பார். பக்கத்து மேசையில் வாயால் கேட்கவேண்டியதை ஐந்து பேருக்கு சீசீ போட்டு ஈமெயிலில் கேட்பார், பழி வந்தால் காட்டுவதற்கு. அவர் டெங்கு வந்து ஒரு கிழமை படுத்தால் சாமான் துறைமுகத்தில் கிடக்கும், டெமரேஜ், அதாவது தாமதக் கட்டணம், ஏறும். சுயநலக்காரர் என்று அவரை ஏசுவது லேசு. தன்னை இவர்கள் கைவிடமாட்டார்கள் என்று தெரிந்திருந்தால், அந்த நம்பரை எப்போதோ அடுத்த மேசைப் பிள்ளைக்குக் கொடுத்திருப்பார்.

ஹார்வர்ட் பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 1990களில் அமெரிக்க மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை ஆராய்ந்தார். நன்றாக நடக்கும் பிரிவுகளில் பிழை குறைவாக இருக்கவேண்டும் அல்லவா? கணக்கில் அங்கேதான் கூட இருந்தது. தோண்டிப் பார்த்தபோது, அங்கே உள்ளவர்கள் பயப்படாமல் பிழையைச் சொன்னதுதான் காரணம் என்று தெரிந்தது. உங்கள் கந்தோரில் பிழை எப்படி வெளியே வருகிறது? செய்தவர் வந்து சொல்கிறாரா, வாடிக்கையாளர் கோல் எடுத்து ஏசும்போதுதான் உங்களுக்குத் தெரியவருகிறதா? இதற்குப் பதில் பெந்தோட்டையில் கிடைக்காது.

இன்னொன்று. ஊழியரின் சம்பளத்தில் 8 வீதம் கழித்து, நிறுவனத்தின் 12 வீதத்தையும் சேர்த்து அடுத்த மாத முடிவுக்குள் ஈபிஎஃப் என்கிற ஊழியர் சேமலாப நிதிக்குக் கட்டவேண்டும் என்பது சட்டம். கழிப்பது மாதாமாதம் நடக்கும், கட்டுவது மட்டும் பிந்தும் இடங்கள் உண்டு. வீட்டுக் கடனுக்கு ஈபிஎஃப்பைக் காட்டலாம் என்று நாரஹேன்பிட்டித் தொழில் திணைக்களத்துக்குப் போய் நிற்கும் அன்றுதான் அந்த மனிதருக்கு விஷயம் தெரியும். மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் மிச்ச முப்பத்தொன்பது பேருக்கும் தெரிந்துவிடும். உங்கள் இடத்தில் அப்படி என்று நான் சொல்லவில்லை. கணக்குப் பிரிவில் ஒருதரம் விசாரித்து வையுங்கள்.

கொடுப்பனவு எந்த மாதத்திலிருந்து திரும்பத் தரப்படும் என்று திகதி போட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். தரமுடியாது என்றால் அதையும் எழுதுங்கள், கணக்கோடு. ஆனால் கையெழுத்து உங்களுடையதாக இருக்கவேண்டாம், முதலாளியைப் போடச் சொல்லுங்கள். உங்களையும் அவர் எவ்வளவு நம்புகிறார் என்பது அப்போது தெரியும்.