டாங் நீர்மூழ்கி: கப்பல் கணக்கு ஏன் இடிக்கிறது?

வணக்கம். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க நீர்மூழ்கி டாங் மூழ்கடித்த கப்பல்கள், அதன் மூன்றாம் ரோந்து அறிக்கையில் எட்டு, போருக்குப் பின் வந்த பட்டியலில் பத்து, எதை நம்புவது என்று கேட்டிருந்தீர்கள். எண்ணிக்கைக்குப் பட்டியல்தான். அறிக்கை, இருட்டில் பெரிஸ்கோப்பிலும் ரேடாரிலும் கண்டதை வைத்துக் கடலிலேயே எழுதியது. 1947இல் வந்த பட்டியல் ஜப்பானியப் பதிவுகளோடு ஒப்பிட்டுத் தயாரித்தது. வழக்கமாக இப்படி ஒப்பிட்டால் கேப்டன்களின் கணக்கு குறையும். இங்கே கூடியதுதான் வேடிக்கை. 1944 ஜூன் 24 இரவு, நாகசாகி அருகே ஆறு டார்பிடோக்களை விட்டு, இரண்டு கப்பல் மூழ்கியதாகக் கேப்டன் ஓகேன் எழுதினார். மூழ்கியவை நான்கு. அதில் ஒன்றான தமஹோகோ மாருவில் நூற்றுக்கணக்கான நேச நாட்டுப் போர்க்கைதிகள் இருந்தது அவருக்குத் தெரிய வழியே இல்லை. அதை அறிக்கையில் தேடாதீர்கள்.

அப்புறம், ஐந்தாம் ரோந்து அறிக்கைக்குப் போகும்போது கொஞ்சம் கவனம். அக்டோபர் 1944இல் டாங் விட்ட டார்பிடோவே வளைந்து திரும்பி அதைத் தாக்கியது. பதிவேடுகளும் கப்பலோடு மூழ்கிப் போயின. பிழைத்த ஒன்பது பேரில் ஒருவரான ஓகேன், ஜப்பானியச் சிறையிலிருந்து மீண்ட பிறகு எழுதியது அந்த அறிக்கை. அதிலுள்ள மணி, நிமிடத்தை அப்படியே வரைபடத்தில் ஏற்றிவிடாதீர்கள்.