ராமநாதபுரம் மாவட்டத்துக்கென்று தொழில்முறை அணி எதுவுமே இல்லையே, அங்கே இருப்பவர்கள் எந்த அணிக்குக் கத்துவீர்கள்?

நான் பாம்பன்காரன். எங்கள் டீக்கடையில் இதைக் கேட்டால் நான்கு பேர் நான்கு பதில் சொல்வார்கள், ஐந்தாவது ஆள் சண்டைக்கு வருவார். என் பதில்: நான் படித்த கல்லூரியின் கபடி அணி. அதற்கு அடுத்த இடத்தில், எவ்வளவு திட்டினாலும், புரோ கபடி லீக்கில் ஆடுகிற தமிழ் தலைவாஸ்.

முதலில் கிரிக்கெட்டை முடித்துவிடுகிறேன். அதில் எனக்கு மிச்சம் வயிற்றெரிச்சல் மட்டும்தான். 2016ல் தமிழ்நாடு பிரீமியர் லீக் (டிஎன்பிஎல்) எட்டு அணிகளோடு தொடங்கியபோது காரைக்குடி காளையை நம்ம அணி என்று நாங்கள் சில பேர் முடிவு கட்டினோம். பத்ரிநாத் கேப்டன். அழகப்பா பல்கலைக்கழகம் காரைக்குடியில்தானே இருக்கிறது, டிகிரி கொடுத்த ஊருக்கு விசுவாசம் வேண்டாமா? சாயல்குடிப் பக்கம் இருந்த நண்பர்கள் கிட்டத்தில் இருக்கிறது என்று தூத்துக்குடி அணியைப் பிடித்துக்கொண்டார்கள். முதல் வருடக் கோப்பையே அவர்களுக்கு. எங்கள் காளை காரைக்குடியில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. சென்னை, நத்தம், சங்கர் நகர் என்று வேறு ஊர் மைதானங்களிலேயே சுற்றியது. 2021 சீசனில் பார்த்தால் அதே அணி திருப்பூர் தமிழன்ஸ் ஆகியிருந்தது. தூத்துக்குடி அணி சேலத்துக்குப் போயிருந்தது. இதில் உச்சம் 2025 ஜூலை. இறுதிப் போட்டியில் திருப்பூர் 220 ரன் எடுத்து, திண்டுக்கல்லை 102க்குச் சுருட்டிக் கோப்பை வாங்கியது. மாட்டை விற்றுவிட்ட மறுவருடம் அது ஜல்லிக்கட்டில் ஜெயித்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. கைதட்டவும் முடியவில்லை, திட்டவும் முடியவில்லை.

கால்பந்தில் நான் அவ்வளவு ஆழம் இல்லை. ஆனால் சேது எஃப்.சி. பற்றிச் சொல்லாமல் போனால் தப்பு. காரியாபட்டிப் பக்கத்துக் கல்லூரியை ஒட்டி வளர்ந்த பெண்கள் அணி. இந்துமதி, சந்தியா என்று கடலூர்ப் பிள்ளைகள் அதன் சட்டையைப் போட்டு ஆடியிருக்கிறார்கள். 2019 மே மாதம் லூதியானாவில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்று இந்திய மகளிர் லீக் கோப்பையைக் கொண்டுவந்தார்கள். அதே சீசனில் ஆண்கள் ஐ-லீக் கோப்பை சென்னை சிட்டிக்கு. நாட்டின் இரண்டு லீக் கோப்பைகள் ஒரே வருடம் தமிழ்நாட்டுக்கு வந்தன, எங்கள் ஊரில் ஒரு பிளெக்ஸ் பேனர்கூட வைக்கவில்லை. சேதுபதி ஆண்ட மண்ணில் இருந்துகொண்டு சேது என்று பெயர் வைத்த அணியைக் கொண்டாடாதவர்கள் நாங்கள். உரிமை கொண்டாட எனக்கு வேறு காரணம் கிடையாது, பெயர் ஒன்றுதான். அது போதும்.

சரி, கபடிக்கு வருகிறேன்.

2017ல் புரோ கபடியில் நமக்கு ஓர் அணி என்றதும் நான் பட்ட சந்தோஷத்துக்கு அளவில்லை. அஜய் தாக்கூர் கேப்டன். அந்த சீசனில் எங்கள் மண்டலத்தில் கடைசி. அடுத்த சீசனிலும் கடைசி. மூன்றாவது வருடம் ராகுல் சவுத்ரி, மோஹித் சில்லர் என்று பெரிய கைகளைச் சேர்த்தார்கள், பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாவது இடம். 2018 அக்டோபர் 7ஆம் தேதி சென்னையில் முதல் ஆட்டம் என்று முந்தின நாள் சேது எக்ஸ்பிரஸ் பிடித்துப் போனேன். பாட்னாவை 42-26 என்று புரட்டினார்கள். தொண்டை கட்டிப்போய் ஊர் திரும்பினேன். அந்த வாரமே அடுத்தடுத்துத் தோல்வி. பேசாமல் ஜெயித்த நினைப்போடு பார்ப்பதை நிறுத்தியிருக்கலாம் என்று அம்மாகூடச் சொல்லிவிட்டார்.

என் கோபம் தோற்றதில் இல்லை. தஞ்சாவூர்க்காரர் தர்மராஜ் சேரலாதன், 2016ல் பாட்னாவுக்குக் கேப்டனாக நின்று கோப்பை தூக்கியவர். மறுவருடம் தமிழ்நாட்டுக்கு அணி வருகிறது, அவர் புனேவுக்கு ஆடுகிறார். அதற்கடுத்து மும்பை, அப்புறம் ஹரியானா. நாற்பது தாண்டிவிட்டார் என்பார்கள். ஹரியானா அணி அவரை நாற்பது தாண்டிய பிறகுதானே கேப்டன் ஆக்கியது? ஏலத்தில் ஆயிரம் கணக்கு இருக்கும், எனக்கும் தெரியும். ஆனால் கார்னரில், அதாவது பிடிப்பவர்கள் வரிசையின் ஓரத்தில், நின்று தமிழில் அதட்ட ஓர் ஆள் இருந்திருந்தால் அந்தக் கடைசி ஐந்து நிமிடப் பதற்றம் பாதி குறைந்திருக்கும் என்பது என் கட்சி. இதற்காக என்னோடு சண்டை போட்டவர்கள் உண்டு.

2022 மட்டும் வேறு மாதிரி. 2.26 கோடிக்கு எடுத்த பவன் ஷெராவத் முதல் ஆட்டத்திலேயே முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். முடிந்தது கதை என்று நினைத்தேன். நரேந்தர் என்று ஒரு புதுப் பையன் எதிரணிக் களத்துக்குள் பாடிப் போக ஆரம்பித்தான், சீசன் முடியும்போது 243 ரைடு புள்ளிகள். உ.பி. அணியை டை பிரேக்கரில் தாண்டி அரையிறுதி. அது வியாழக்கிழமை. புதன் போன விசைப்படகெல்லாம் காலையில் கரை சேர்ந்துவிட்டதால் டீக்கடையில் நிற்க இடமில்லை. அதே வாரம் உலகக் கோப்பைக் கால்பந்து வேறு, மெஸ்ஸி கூட்டத்திடம் கெஞ்சித்தான் டிவியை வாங்கினோம். முதல் பாதியில் நாம்தான் முன்னிலை. கடைசியில் 37-39. இரண்டே புள்ளி.

அந்த இரண்டு புள்ளி எனக்குப் பழக்கமானது. கல்லூரியில் மூன்றாம் வருடம், காரைக்குடியில் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி. நான் மாற்று ஆட்டக்காரன், அதாவது தண்ணீர் பாட்டில் தூக்குபவன். எங்கள் இடது கார்னர் தங்கச்சிமடத்துப் பையன். வகுப்பு இல்லாத நாட்களில் படகுக்குப் போவான், பரீட்சைக் கட்டணம் அந்தப் பங்கில்தான். அரையிறுதிக்கு முந்தின நாள் படகில் ஆள் குறைகிறது என்று மீன்துறை டோக்கன் போட்டுக் கடலுக்குப் போய்விட்டான். பி.டி. சார் எங்களை எல்லாம் வாயில் வந்தபடி திட்டினார். வியாழன் காலை ஏழு மணிக்குப் படகு கரை தொட்டது. கிடைத்த பைக்கில் ராமநாதபுரம், அங்கிருந்து பஸ். பன்னிரண்டு மணி ஆட்டத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மைதானத்துக்குள் வந்தான். மேலெல்லாம் மீன் வாடை, வலது கட்டைவிரலில் முள் குத்திய கிழிசல், அதில் சுற்றிய பனியன் துணி.

"சாப்டியா மாப்ளே?" என்றேன்.

"ஜெயிச்சிட்டுச் சாப்டுவோம்."

எதிரணியின் ரைடர் பெரிய ஆள், போனஸ் எடுப்பதில் கெட்டிக்காரன். இவன் அவனுடைய கணுக்காலை ஐந்து முறை பிடித்தான். ஐந்து முறையும் அவன் நடுக்கோட்டைத் தொடவில்லை. இரவெல்லாம் மடி வலை இழுத்த கை அது, ஜிம்மில் வராது. மறுநாள் இறுதிப் போட்டியில் எங்கள் பையனுடைய விரல் வீங்கிவிட்டது, பிடி வழுக்கியது, இரண்டு புள்ளியில் தோற்றோம். போக்குவரத்துச் செலவுக்குக் கொடுக்க வேண்டிய பணத்தை எங்களுக்குக் கடைசிவரை கொடுக்கவில்லை, அது தனிக் கதை.

அவனுக்கு அதற்குமேல் வழி இல்லாமல் போனதற்குக் காரணம் மேட், ஆடுகளத்தில் போடுகிற விரிப்பு. எங்கள் கரையில் எல்லாரும் மண்ணில் ஆடிப் பழகியவர்கள். வெறுங்காலில் மண்ணைக் கவ்வி நிற்கிற ஆட்டம் வேறு, ஷூ போட்டு மேட்டில் திரும்புகிற ஆட்டம் வேறு. இருபது வயதில் முதல் முறையாக மேட்டைப் பார்க்கிறவன் என்ன செய்வான்? வடுவூர் அபினேஷும் கண்ணகி நகர் கார்த்திகாவும் 2025ல் பஹ்ரைனில் ஆசிய இளையோர் தங்கம் வாங்கியபோது நான் முதலில் யோசித்தது இதைத்தான். எங்கள் கரையில் மேட் போட்ட ஆடுகளம் நாலு ஊருக்கு ஒன்றாவது வேண்டும். தலைவாஸ் முதலாளிகளுக்கு நான் எழுதுவதாக இருந்தால் இதைத்தான் எழுதுவேன், நட்சத்திர ரைடர் யார் என்பதெல்லாம் அப்புறம்.

எங்கள் ரசிகத்தனத்தை நேரில் பார்க்க வேண்டும் என்றால் ஏப்ரல் 15க்கு மேல் வாருங்கள். ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகுப் பையன்கள் எல்லாம் கரையில் இருப்பார்கள், மின்னொளிப் போட்டிகள் அப்போதுதான் களை கட்டும். ராத்திரி எட்டு மணிக்கு மேல் விசில் சத்தம் கேட்கிற பக்கம் நடந்து வந்தால் போதும். மைக் பிடித்துக் கத்துகிறவன் பெரும்பாலும் நானாக இருப்பேன். இடது கார்னரில் கொஞ்சம் தொப்பையோடு நிற்பவன், அவனேதான்.