பல் மருத்துவம் படிக்க எவ்வளவு கெமிஸ்ட்ரி வேண்டும்?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் ஊர். பத்தாவது வரை தமிழ் வழி, பிளஸ் டூ ஆங்கிலத்தில். இந்த வருடம் பிடிஎஸ் சீட் கிடைத்திருக்கிறது. நீட்டுக்குக் கெமிஸ்ட்ரியை மனப்பாடம் செய்துதான் ஒப்பேற்றினேன். கணக்கு வந்தாலே கை நடுங்கும். வகுப்பு தொடங்க ஒரு மாதம் இருக்கிறது. 'பிளஸ் ஒன், பிளஸ் டூ புத்தகங்களை முதல் பக்கத்திலிருந்து படி' என்கிறார் மாமா. அது தேவையா? இன்னொன்று, தம்பியின் பற்களில் மஞ்சள் கறை இருக்கிறது. போர் தண்ணீர்தான் காரணம் என்கிறார்கள். அதற்கும் நான் படிக்கப் போகும் கெமிஸ்ட்ரிக்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: மாமா அக்கறையில் சொல்கிறார். ஆனால் அந்த வேலை உங்களுக்கு வேண்டாம். நீட்டுக்குப் படித்ததில் பெரும்பகுதி இனி உங்கள் கண்ணில் படப்போவதில்லை. அணைவுச் சேர்மங்களின் ஐசோமர்கள், இடைநிலைத் தனிமங்களின் நிறம், ஆள் பெயர் வைத்த ஆர்கானிக் வினைகள் எல்லாவற்றையும் தைரியமாக மூட்டை கட்டலாம். வேண்டியது செறிவு அலகுகள், பிஹெச்சும் (அமிலம் கூடினால் குறையும் அளவு) பஃபரும் (பிஹெச் சட்டென்று மாறாமல் தாங்கும் கலவை), கரைதிறன் பெருக்கம் (ஒரு உப்பு எவ்வளவு கரையும் என்பதற்கான எல்லை எண்), அப்புறம் சில வினைத்தொகுதிகள் (மூலக்கூறின் குணத்தைத் தீர்மானிக்கும் அணுக்கூட்டங்கள்). எம்பிபிஎஸ் சேருகிறவர்களுக்கும் இதையேதான் சொல்வேன். இவற்றில் பிஹெச்சுக்கு மட்டும் உங்கள் மாதத்தில் பாதியைக் கொடுங்கள். ரத்தத்துக்கு முதல் வருடம் எழுதும் சமன்பாடுதான், கொஞ்சம் திருப்பிப் போட்டால், மரத்துப்போகும் ஊசிக்கும் வருகிறது. பல் சொத்தையிலும் பிஹெச்தான் பேச்சு.

முதலில் அலகுகள். நம் ஊர் லேப் ரிப்போர்ட்டில் சர்க்கரை டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று இருக்கும். பாடப்புத்தகத்தில் லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் என்று இருக்கும். குளுக்கோஸின் மூலக்கூறு எடை 180. டெசிலிட்டருக்கு 90 மி.கி. என்றால் லிட்டருக்கு 900 மி.கி.; 180ஆல் வகுத்தால் 5 மில்லிமோல். கால்சியம் டெசிலிட்டருக்கு 10 மி.கி. என்றால் லிட்டருக்கு 100. அணு எடை 40ஆல் வகுத்தால் 2.5 மில்லிமோல், அதற்கு இரண்டு மின்னூட்டம் என்பதால் 5 மில்லிஈக்விவலன்ட். 0.9 சதவீத சலைன் பாட்டிலில் சோடியம் 154 (லிட்டருக்கு மில்லிமோல்) என்று அச்சடித்திருப்பதை இனி பார்க்கும்போது, ஒரு லிட்டரில் உள்ள 9 கிராம் உப்பை அதன் மூலக்கூறு எடை 58.5ஆல் வகுத்துப் பாருங்கள்.

பல் மருத்துவருக்கு இன்னும் நெருக்கமான கணக்கு ஒன்று உண்டு. மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெயின் மருந்து 2 சதவீதம் என்றால் 100 மில்லியில் 2 கிராம், அதாவது ஒரு மில்லியில் 20 மி.கி. அதோடு கலந்திருக்கும் அட்ரினலின் '80,000க்கு 1' என்றால் 80,000 மில்லியில் ஒரு கிராம், மில்லிக்கு 12.5 மைக்ரோகிராம். நோயாளியின் எடைக்கு எத்தனை மில்லி போடலாம் என்ற முடிவு இந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்குகிறது. தசமப் புள்ளி ஒரு இடம் தள்ளிப்போனால் மருந்து பத்து மடங்கு கூடிவிடும். அதனால் கால்குலேட்டரை ஒதுக்கிவிட்டுக் கையால் போட்டுப் பழகுங்கள்.

சரி, பிஹெச். உங்கள் ஊர்க்காரர்களுக்குப் பிடிக்கும் ஒரு தகவல்: பிஹெச் அளவீட்டை 1909இல் சோரன்சன் உருவாக்கியது கோபன்ஹேகனில், கார்ல்ஸ்பெர்க் பீர் கம்பெனியின் ஆய்வகத்தில். பல மாவட்டங்களுக்குக் கள் அனுப்பும் சித்தூர் தாலுகாவில் இருந்துகொண்டு பிஹெச்சுக்குப் பயப்படுவது நியாயமில்லை.

அந்தப் பயம் பெரும்பாலும் லாகரிதம் பற்றியது; ஹைட்ரஜன் அயனிச் செறிவின் லாக்கைக் குறி மாற்றி எழுதியதுதான் பிஹெச். மனதில் வைக்க வேண்டியது கொஞ்சம்தான்: 10க்கு லாக் 1, 2க்கு 0.3, 3க்கு ஏறத்தாழ 0.48. பெருக்கினால் லாக் கூடும், ஆகவே 20க்கு 1.3. இனி ரத்தத்துக்கு வருவோம். ரத்தத்தின் பிஹெச் 7.35 முதல் 7.45 வரை. 7.4இல் ஹைட்ரஜன் அயனி லிட்டருக்கு வெறும் 40 நானோமோல். அதே ரத்தத்தில் சோடியம் ஏறக்குறைய 140 மில்லிமோல், அதாவது 35 லட்சம் மடங்கு. இத்தனை சிறிய அளவை உடல் கட்டிக்காப்பது பஃபர் இருப்பதால்.

ஹெண்டர்சன்-ஹாசல்பால்க் சமன்பாடு சொல்வது இது: பிஹெச் என்பது 6.1உடன், பைகார்பனேட்டைக் கரைந்த கார்பன் டையாக்சைடால் வகுத்து வரும் எண்ணின் லாக்கைக் கூட்டியது. பைகார்பனேட் 24. கார்பன் டையாக்சைடின் அழுத்தம் 40 மி.மீ. பாதரசம், கரைந்த அளவு கிடைக்க அதை 0.03ஆல் பெருக்கினால் 1.2. விகிதம் 20, லாக் 1.3, விடை 7.4.

இதை எழுதிவிட்டு நிறுத்திவிடாதீர்கள், எண்களை ஆட்டிப் பாருங்கள். சர்க்கரை நோயாளிக்குக் கீட்டோன் அமிலம் சேர்ந்து பைகார்பனேட் 12 ஆகிவிட்டது. கார்பன் டையாக்சைடு 40லேயே நின்றால் விகிதம் 10, பிஹெச் 7.1. ஹைட்ரஜன் அயனி இரட்டிப்பாகிவிட்டது என்று பொருள். 2இன் லாக் 0.3 என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நோயாளி சும்மா இருப்பதில்லை, ஆழமாக மூச்சு வாங்குகிறார், கார்பன் டையாக்சைடு வெளியேறுகிறது. 20 வரை இறங்கினால் விகிதம் மறுபடி 20 ஆகிப் பிஹெச் 7.4க்கே வந்துவிடும். நிஜத்தில் அவ்வளவு இறங்காது. 26 அளவில் நிற்கும். அப்போது விகிதம் சுமார் 15, பிஹெச் 7.29. மூச்சால் நடக்கும் இந்த ஈடுகட்டல் ஏன் முழுமையாவதில்லை என்று வாய்மொழித் தேர்வில் கேட்டால், இந்த மூன்று எண்களையும் போட்டுக் காட்டியவர் தடுமாறுவதில்லை.

அடுத்தது ஊசி. சீழ் பிடித்த பல்லைச் சுற்றி மருந்து போட்டால் சரியாக மரத்துப்போவதில்லை; நோயாளி 'வலிக்கிறதே' என்பார். லிக்னோகெயின் ஒரு பலவீனமான காரம், அதன் பிகேஏ 7.9, அதாவது பிஹெச் 7.9இல் மின்னூட்டமுள்ள வடிவமும் இல்லாத வடிவமும் சரிபாதி. நரம்பின் சவ்வைக் கடக்க முடிவது மின்னூட்டமில்லாத வடிவம் மட்டுமே. உள்ளே போனபின் மின்னூட்டம் ஏறிய வடிவம்தான் சோடியம் வாயிலை அடைக்கிறது. பிஹெச் 7.4இல் பிகேஏவுக்கும் பிஹெச்சுக்கும் வித்தியாசம் 0.5, மின்னூட்டமில்லாத பங்கு சுமார் 24 சதவீதம். சீழ் பிடித்த இடத்தில் பிஹெச் 6.4க்கு இறங்கினால் வித்தியாசம் 1.5, பங்கு 3 சதவீதம். மருந்து அதேதான், உள்ளே நுழைவது எட்டில் ஒரு பங்கு. வீக்கத்தில் ரத்த ஓட்டம் கூடுவது, நரம்பே உணர்ச்சி மிகுந்து இருப்பது என வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் கணக்குப் போட்டுக் காட்டக்கூடியது இதுதான்.

வினைத்தொகுதிகளில் எஸ்டர், அமைடு, கார்பாக்சில், அமைன், ஆல்டிஹைடு, கீட்டோன், தயோல் ஆகியவற்றைப் படத்தில் பார்த்தவுடன் அடையாளம் சொல்லத் தெரிந்தால் போதும். புரோகெயின் எஸ்டர், அதை ரத்தத்திலுள்ள என்சைம் உடைக்கிறது. லிக்னோகெயின் அமைடு, அது கல்லீரலுக்குப் போக வேண்டும். எலக்ட்ரோகெமிஸ்ட்ரியில் கால்வானிக் செல்லை மட்டும் ஒருமுறை பாருங்கள். அமால்கம் (பாதரசக் கலவை) அடைத்த பல்லும் தங்க உறை போட்ட பல்லும் தொட்டுக்கொண்டால் வாய்க்குள் சுரீரென்று ஷாக் அடிக்கும். டெண்டல் மெட்டீரியல்ஸில் அது வரும்.

இனி தம்பியின் பல். சம்பந்தம் நிறைய உண்டு, அது கரைதிறன் பெருக்கத்தில் இருக்கிறது. எனாமல் எடையில் சுமார் 96 சதவீதம் தாது. கால்சியம், பாஸ்பேட், ஹைட்ராக்சைடு சேர்ந்த ஹைட்ராக்சிஅபடைட். எச்சிலில் கால்சியமும் பாஸ்பேட்டும் நிறைந்திருக்கும்வரை அது கரையாது. அமிலம் வந்தால் ஹைட்ரஜன் அயனி பாஸ்பேட்டையும் ஹைட்ராக்சைடையும் பிடித்துக்கொள்கிறது, கரைந்திருக்கும் அயனிகளின் பெருக்கம் கரைதிறன் பெருக்கத்துக்குக் கீழே போகிறது, பல் கரைகிறது. அந்த எல்லை ஏறக்குறைய பிஹெச் 5.5. ஹைட்ராக்சைடின் இடத்தில் ஃபுளோரைடு உட்கார்ந்தால் எல்லை 4.5க்கு இறங்கிவிடும், அதனால்தான் பேஸ்டில் ஃபுளோரைடு.

அதே ஃபுளோரைடு, பல் தாடைக்குள் உருவாகும் வயதில் தண்ணீர் வழியாக அதிகம் போனால் கதை மாறுகிறது. எனாமலை உருவாக்கும் செல்களின் வேலை கெட்டு, எனாமல் நுண்துளைகளோடு முளைக்கும். பிறகு அதில் நிறம் ஏறும். ஏறத்தாழ எட்டு வயதுக்குள் குடித்த தண்ணீர்தான் கணக்கு. பெரியவரான பின் உங்கள் ஊருக்குக் குடிவந்தவருக்கு இந்தக் கறை வராது.

பாலக்காட்டின் கிழக்குப் பக்கம், சித்தூர் வட்டாரத்தில் ஆழ்துளைக் கிணறுகளில் ஃபுளோரைடு கூடுதலாக இருப்பது பதிவான விஷயம். மழை குறைந்த கடினப் பாறைப் பகுதி; பாறையிலுள்ள தாதுக்களிலிருந்து அது கரைந்து வருகிறது. தண்ணீரில் கால்சியம் நிறைய இருந்தால் கால்சியம் ஃபுளோரைடின் கரைதிறன் பெருக்கம் ஃபுளோரைடைக் கட்டுப்படுத்தும். கால்சியம் குறைந்து பைகார்பனேட் கூடிய தண்ணீரில் அந்தக் கட்டு தளர்ந்துவிடும். சோப்பு நன்றாக நுரைக்கிறது, உப்புக் கரிக்கவில்லை, ஆகவே நல்ல தண்ணீர் என்று நினைப்பது இதனால்தான் தவறு. கொதிக்க வைத்தாலும் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடத்தான் செய்யும்.

இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மி.கி. வரை ஏற்கலாம், வேறு வழியில்லை என்றால் 1.5 வரை. தம்பிக்கு இருப்பது ஃபுளோரைடால் வரும் கறையான ஃபுளோரோசிஸ்தானா, வேறு கறையா என்று பல்லைப் பார்க்காமல் சொல்ல முடியாது. பல் மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் அதற்குக் காத்திருக்காமல் தண்ணீரைச் சோதித்துவிடுங்கள். கேரள வாட்டர் அதாரிட்டியின் பரிசோதனைக் கூடத்தில் கொடுக்கலாம். அளவு கூடுதலாக இருந்தால் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஆர்ஓ தண்ணீரோ சேமித்த மழைநீரோ போதும், குளிக்கத் துவைக்க போர் தண்ணீரே இருக்கட்டும். மாதிரி எடுக்கும்போது மோட்டாரைச் சிறிது நேரம் ஓடவிட்டு, சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் பிடியுங்கள், கண்ணாடி வேண்டாம். வீட்டில் திறந்த கிணறும் இருந்தால் அதிலிருந்து ஒரு பாட்டில் தனியாக எடுத்துப் பெயர் எழுதிக் கொடுங்கள். இரண்டிலும் ஃபுளோரைடோடு கால்சியத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.