'கிளீவ்': சொல் ஒன்றா, இரண்டா?

கேள்வி: 'கிளீவ்' என்றால் பிளப்பது. ஆங்கில பைபிளில் கணவன் மனைவியோடு 'கிளீவ்' ஆவான் என்று வருகிறதே?

பதில்: அவை இரண்டு தனிச் சொற்கள். பழைய ஆங்கிலத்தில் பிளப்பதற்குக் 'கிளேயோவன்', ஒட்டிக்கொள்வதற்குக் 'கிளிவியன்'. காலப்போக்கில் உச்சரிப்பு தேய்ந்து ஒன்றாகிவிட்டன. 1611 பைபிளின் ஆதியாகமம் 2:24இல் இருப்பது இரண்டாவது சொல். தமிழ் வேதாகமம் அங்கே 'இசைந்திருப்பான்' என்கிறது. ஒரே சொல்லுக்கு எதிரெதிர்ப் பொருள் என்று துணுக்கு எழுதுகிறவர்களை நம்பாதீர்கள்.

கேள்வி: பூண்டுப் பல், கிராம்பு இரண்டும் 'கிளோவ்' ஆனது எப்படி?

பதில்: பூண்டுப் பல் பிளக்கிற 'கிளீவ்' வீட்டுப் பிள்ளை. கிராம்புக்கு அந்த உறவு இல்லை. அது ஆணியைக் குறிக்கும் பிரெஞ்சு 'க்ளூ'விலிருந்து வந்தது. ஒரு கிராம்பை விரலிடுக்கில் பிடித்துப் பாருங்கள். நீண்ட காம்பு, குண்டுத் தலை: ஆணியேதான்.

கேள்வி: ஆட்டுக்கறி வெட்ட எந்தக் 'கிளீவர்' நல்லது?

பதில்: கசாப்புக் கடைக்காரரிடம் கேளுங்கள்.

கேள்வி: தமிழ்க் 'கிழி'தானே 'கிளீவ்' ஆனது?

பதில்: இதே கேள்வி பலரிடமிருந்து வந்திருக்கிறது. ஒலி ஒத்துப்போவதால் மட்டும் உறவு ஏற்பட்டுவிடாது. மாற்றம் ஒழுங்காக, பல சொற்களில் நடந்திருக்க வேண்டும். கிரேக்கம், லத்தீன், ஆங்கிலம் மூன்றுக்கும் ஒரே மூதாதை மொழி. அதில் இருந்த, 'தங்கம்' என்பதில் ஒலிக்கும் ககரம் கிரேக்கத்திலும் லத்தீனிலும் அப்படியே நின்றது. ஆங்கிலத்தில் 'பக்கம்' என்பதில் ஒலிக்கும் ககரமாக இறுகியது. லத்தீன் 'கெனுஸ்', ஆங்கிலக் 'கின்'. இரண்டும் குலத்தைக் குறிப்பவை. செதுக்குதலைக் குறிக்கும் கிரேக்கக் 'குளுஃபெய்ன்' ஆங்கிலக் 'கிளீ'வுக்கு உறவானதும் இந்த விதிப்படிதான். பண்டைய எகிப்தின் சித்திர எழுத்தைக் குறிக்கும் 'ஹைரோகிளிஃப்' அந்தக் கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. 'கிழி'யின் ழகரம் ஏன் லகரமானது? வகரம் எங்கிருந்து முளைத்தது? அதே மாற்றத்தை இன்னும் நான்கு சொற்களில் காட்டுங்கள், பேசுவோம்.

கேள்வி: கட்டுமரம் ஆங்கிலத்துக்குப் போகவில்லையா? 'கிழி' மட்டும் போகக்கூடாதா?

பதில்: கட்டுமரம் கடல் வாணிபத்தோடு போன கடன்சொல். 'கிளீவ்' ஆங்கிலேயர் நம் கரையில் கால் வைப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அவர்கள் ஏடுகளில் இருக்கிறது. எந்தக் கப்பலில் ஏற்றி அனுப்பினீர்கள்?

கேள்வி: 'கத்தி'யிலிருந்து 'கட்'?

பதில்: மேலே இரண்டு பதில்கள் இருக்கின்றன.

கேள்வி: வைரத்தையும் 'கிளீவ்' செய்வார்களாமே?

பதில்: நல்ல கேள்வி. வைரம் சில தளங்களின் வழியே மட்டும் சீராகப் பிளக்கும். இன்னொரு வைரத்தால் சிறு பள்ளம் கீறி, அதில் மழுங்கிய தகட்டை நிறுத்தி, ஒரே அடி. 1905இல் தென்னாப்பிரிக்காவில் கிடைத்த 3,106 காரட் கல்லினன் வைரத்தை 1908இல் ஆம்ஸ்டர்டாமில் ஜோசப் ஆஷர் இப்படித்தான் பிளந்தார். தளம் பிசகினால் கல் நொறுங்கிவிடும்.

கேள்வி: இறந்தகாலம் 'கிளோவ்'வா, 'கிளெஃப்ட்'டா?

பதில்: பிளப்பதற்கு இரண்டும் சரி, 'கிளீவ்டு'ம் சரி. ஒட்டுவதற்குக் 'கிளீவ்டு' போதும். மாட்டின் பிளவுக் குளம்பு மட்டும் எப்போதும் 'கிளோவன்'.